ஒரே ஒரு வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகாமல் இரு

கேள்வி: மேடம், நான் சென்னையில் ஓர் அரசு பொறியியல் கல்லூரியில் முதலாமாண்டு ஈ.சி.இ. படிக்கிறேன். ஊர் மன்னார்குடி பக்கம். அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தது. ஹாஸ்டலுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. எங்களுடையது கோடி ரூம், நான்கு பேர். மற்ற மூவரும் இங்கிலீஷில்தான் பேசிக்கொள்வார்கள். ராத்திரி இரண்டு மணி வரைக்கும் ட்யூப் லைட் எரியும். எனக்கு வெளிச்சத்தில் தூக்கம் வராது. ஆனால் அதை அவர்களிடம் சொன்னதில்லை. அவர்கள் சிரித்தால் என்னைப் பற்றித்தானோ என்று தோன்றுகிறது. ஒருத்தி விளையாட்டாக “உனக்கென்னப்பா, ஃப்ரீ சீட்டு” என்றாள். அன்றைக்கு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வாரா வாரம் வெள்ளிக்கிழமை மன்னை எக்ஸ்பிரஸில் அன்ரிசர்வ்டில் ஊருக்குப் போகிறேன். ஞாயிறு ராத்திரி ஏறி, திங்கள் காலை வந்து அப்படியே கிளாசுக்குப் போகிறேன். அரசு மாதாமாதம் தரும் புதுமைப் பெண் பணம் 1,000 ரூபாயும் டிக்கெட்டுக்கே சரியாகிவிடுகிறது. மெஸ் சாப்பாடு இறங்கவில்லை. சீனியர் அக்காக்கள் ‘இன்ட்ரோ’ கேட்கிறார்கள், அதுவும் பயமாக இருக்கிறது. அம்மா தினமும் மூன்று தடவை போன் செய்து “முடியலைன்னா வந்துடு, இங்கேயே ஏதாவது காலேஜ்ல சேர்த்துடலாம்” என்கிறார். அப்பா எதுவும் சொல்வதில்லை. நான் வந்துவிடட்டுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: அன்புள்ள மகளுக்கு,

என் பெண்ணை விட உனக்கு இரண்டு வயது குறைவு, அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

நீ கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போது வந்துவிடாதே. கடைசி வரை அங்கேயேதான் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆறு வாரமாகச் சரியாகத் தூங்காத ஒருத்தி இவ்வளவு பெரிய முடிவை எடுக்க வேண்டாம் என்கிறேன். முதல் செமஸ்டர் பரீட்சை முடியட்டும். அப்போதும் இதே கேள்வி இருந்தால் எழுது, உன் அம்மா அப்பாவோடு நானே பேசுகிறேன்.

நான் கல்லூரி மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலைக்கு வருவதற்கு முன்னால் ஆறு வருஷம் ஒரு பெண்கள் விடுதியில் துணை வார்டனாக இருந்தவள். உன் கடிதத்தை ஆலோசகராக ஒரு தடவையும் பழைய வார்டனாக ஒரு தடவையும் படித்தேன். வார்டன் கண்ணில் உடனே பட்டது “சொன்னதில்லை” என்ற வார்த்தைதான்.

ஒரு கதை சொல்கிறேன். ஒருநாள் இரவு அட்டெண்டன்ஸ் முடிந்து பத்தரை மணி இருக்கும். இரண்டு பெண்கள் என் அறை வாசலில் வந்து நின்றார்கள். நடுவில் ஒரு நீல பிளாஸ்டிக் வாளி. “மேடம், இது என்னோடது.” “இல்ல மேடம், என்னோடது.” இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். வாளியைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் நெயில் பாலிஷில் ஏதோ பெயர் எழுதி உரிந்துபோன தடம். ஓர் எழுத்து கூட மிச்சமில்லை. ஆளுக்கு ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்து, “வாளி இருக்கட்டும், வேற என்ன?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒருத்தி சொன்னாள்: “இவ நாலரை மணிக்கு அலாரம் வெப்பா மேடம். அஞ்சு தடவை அடிக்கும். இவ எழுந்திருக்கவே மாட்டா. நான்தான் எழுந்திருப்பேன். மூணு மாசமா.” மற்றவள் வாயடைத்துப் போய்விட்டாள். “ஏய், சொல்லியிருக்கலாம்ல!” என்றாள். அவ்வளவுதான். அந்த வாளி இரண்டு பேருடையதும் இல்லை என்று மறுநாள் தெரிந்தது. படிப்பை முடித்துப்போன யாரோ விட்டுவிட்டுப் போனது.

வார்டனாக இருந்த வருஷங்களில் என்னிடம் வந்த ரூம் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த வாளி மாதிரிதான். சின்னதாக இருக்கும்போதே சொல்லாத ஒன்று, மூன்று மாதம் கழித்து வேறு ஏதோ பொருளின் பெயரில் வெடிக்கும். உன் விஷயத்தில் அந்த அலாரத்தின் இடத்தில் ட்யூப் லைட். மற்ற மூவரும் கெட்டவர்களா நல்லவர்களா என்பது உன் கடிதத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. உனக்கும் இன்னும் தெரியாது. ஆனால் வெளிச்சத்தில் உனக்குத் தூக்கம் வராது என்பது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. நீ போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு படுத்திருப்பாய். அவர்களோ ‘இந்தப் பொண்ணு பத்து மணிக்கே தூங்கிடுது, நல்லா தூங்குது’ என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே சொல்ல வேண்டும். எப்போது சொல்வது என்பதில்தான் பாதி இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து சொல்லாதே. அப்போது உன் குரலில் ஆறு வாரமும் சேர்ந்து வரும். ரூம் வாட்ஸ்அப் குரூப்பிலும் போடாதே. எழுத்தில் எல்லாமே கோபமாகத்தான் தெரியும். சாயங்காலம் கிளாஸ் முடிந்து வந்து டீ குடிக்கிற நேரத்தில், மூன்று பேரும் இருக்கும்போது, ஒரே ஒரு விஷயமாகச் சொல். “எனக்கு லைட் எரிஞ்சா தூக்கமே வர மாட்டேங்குதுப்பா. பன்னெண்டு மணிக்கு மேல பெரிய லைட்டை அணைச்சிட்டு டேபிள் லேம்ப் வெச்சுக்கலாமா?” அவ்வளவு போதும். “நீங்க எப்பவும்” என்று ஆரம்பிக்காதே. மன்னிப்பும் கேட்காதே. லைட்டோடு சேர்த்து இங்கிலீஷ், சிரிப்பு, ஃப்ரீ சீட்டு எல்லாவற்றையும் கொட்டிவிடாதே, அதற்கெல்லாம் வேறு நாள் இருக்கிறது. இரண்டு மணி வரை கண்டிப்பாகப் படித்தாக வேண்டும் என்று யாராவது சொன்னால், ரீடிங் ஹால் எதற்கு இருக்கிறது? முதலாமாண்டில் பாதிப் பேருக்கு அது எந்த மாடியில் இருக்கிறது என்றே தெரிவதில்லை.

சரி, சொல்லியும் கேட்கவில்லை என்றால்? இரண்டு தடவை சொல்லிப் பார். மூன்றாவது தடவை துணை வார்டனிடம் போ. போய் ரூம் மாற்றித் தரச் சொல்லாதே. லைட் அணைக்கும் நேரம் என்ன என்று விதியைக் கேள். பல விடுதிகளில் அப்படி ஒன்று எழுத்தில் இருக்கிறது, நடைமுறையில்தான் இருக்காது. நோட்டீஸ் போர்டில் அது ஏறிவிட்டால் யாரும் யாரையும் போட்டுக்கொடுத்ததாகவும் ஆகாது.

தூக்கத்தைப் பற்றி இன்னொன்று. புது இடத்தில் முதல் நாள் தூக்கம் வராது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்கு ஆராய்ச்சி ஆதாரமே உண்டு. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் 2016இல் வெளியான ஆய்வு ஒன்றில், புது இடத்தில் முதல் இரவு மூளையின் இடது பாதி வலது பாதி அளவுக்கு ஆழ்ந்து உறங்குவதில்லை, சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்கிறது என்று கண்டார்கள். காவலுக்கு ஓர் ஆளை உட்கார வைத்துவிட்டுத் தூங்குவது மாதிரி. ஆனால் மகளே, அது முதல் இரவின் கதை. ஆறாவது வாரத்துக்கு அதைக் காரணமாகச் சொல்ல முடியாது. உன் தூக்கத்தைக் கெடுப்பவை இரண்டு: ஒன்று ட்யூப் லைட், மற்றது மன்னை எக்ஸ்பிரஸ். வாரத்தில் ஏழு இரவு. அதில் இரண்டை அன்ரிசர்வ்டு பெட்டியில் உட்கார்ந்தபடி கழிக்கிறாய். திங்கட்கிழமை முதல் பீரியடில் உனக்கு மேத்ஸ் புரியவில்லை என்றால் அது மேத்ஸின் குற்றமா?

இங்கேதான் நான் உன்னிடம் கொஞ்சம் கடினமான ஒன்றைக் கேட்கப் போகிறேன். வரும் வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகாதே. ஒரே ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கடுத்த வாரம் போய்க்கொள். அப்புறம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள். தீபாவளிக்கு எப்படியும் போகத்தான் போகிறாய்.

ஏன் சொல்கிறேன் என்றால், ஹாஸ்டல் எப்படி இருக்கும் என்று உனக்கு இன்னும் தெரியாது. நீ பார்த்தது திங்கள் முதல் வெள்ளி வரையிலான ஹாஸ்டல். எல்லோரும் அவசரத்தில் இருக்கும் ஹாஸ்டல். காலையில் பாத்ரூமுக்கு வரிசை, ராத்திரி ரெக்கார்டு நோட்டு. சனிக்கிழமை அந்தக் கட்டடமே வேறு. வெயில் ஏறும் வரை தூங்குவார்கள். மொட்டை மாடிக் கொடிகள் நிறையும். யாராவது ஒருத்தி இன்னொருத்திக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவாள். மெஸ்ஸில் கூட்டம் பாதியாக இருக்கும், பரிமாறும் அண்ணன் நின்று பேசுவார். அப்போது வராண்டாவில் யார் இருப்பார்கள் தெரியுமா? கன்னியாகுமரிக்காரி, கிருஷ்ணகிரி மலையோரத்துப் பெண், வாரா வாரம் போக வீட்டில் பணம் இல்லாதவள், போனால் வீட்டு வேலை தலையில் விழும் என்று போகாதவள். உன்னைப் போலவே அரசுப் பள்ளியிலிருந்து வந்தவர்களும் அதில் நிச்சயம் இருப்பார்கள். அவர்களுக்கு உன்னைத் தெரியாது, உனக்கு அவர்களைத் தெரியாது. வெள்ளிக்கிழமை ராத்திரி நீ செங்கல்பட்டைத் தாண்டிக்கொண்டிருக்கிறாய்.

நட்பைப் பற்றி ஒரு பழைய ஆய்வு உண்டு. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் மணமான மாணவர்களுக்காகக் கட்டிய குடியிருப்பில் உளவியலாளர் ஃபெஸ்டிங்கரும் அவருடைய சகாக்களும் நடத்தியது, 1950இல் புத்தகமாக வந்தது. யார் யாருக்கு நண்பர் என்று கேட்டுப் பார்த்தார்கள். அடுத்த கதவில் இருப்பவர்களைச் சொன்னது 41 சதவீதம். இரண்டு கதவு தள்ளி இருப்பவர்கள் 22. தாழ்வாரத்தின் மறுகோடி என்றால் 10. குணம், ரசனை, பேச்சு எல்லாம் அப்புறம், முதலில் கதவுதான். படிக்கட்டுக்கும் தபால் பெட்டிக்கும் பக்கத்தில் இருந்தவர்களுக்கு நட்பு வட்டம் இன்னும் பெரிதாக இருந்தது, போகிறவர் வருகிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதால்.

நீ இருப்பது கோடி ரூம். ஒரு பக்கம் சுவர். அப்படியானால் நீயாகத்தான் கொஞ்சம் வெளியே வர வேண்டும். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை ரூம் கதவைத் திறந்தே வை. தண்ணீர் பிடிக்கப் போகும்போது இரண்டு லிட்டர் கேனில் பிடிக்காதே, சின்ன பாட்டிலில் பிடி. நாலு தடவை போக வேண்டியிருக்கும், நாலு முகம் பார்ப்பாய். இதைச் சொல்லும்போது என் மகள் சிரிப்பாள், ‘அம்மாவோட பாட்டில் தியரி’ என்று பெயர் வைத்திருக்கிறாள். ரூம் மேட்டுகள்தான் உயிர்த் தோழிகளாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. லைட்டை அணைக்கிறவர்களாக இருந்தால் போதும். தோழி எதிர் ரூமில் இருப்பாள், லேப் பேட்ச்சில் இருப்பாள்.

இங்கிலீஷ் விஷயம். நான்கு பேர் உள்ள ரூமில் மூன்று பேருக்குத் தமிழ் வாயில் வராதா என்ன? பள்ளியில் தமிழில் பேசினால் அபராதம் போட்ட இடங்களில் படித்துவிட்டு வந்திருப்பார்கள். பழக்கம் விடவில்லை, அவ்வளவே. நீ தமிழிலேயே பேச்சுக் கொடு. “இந்த ட்ராயிங் ஷீட் எங்க வாங்கின?” என்று கேட்டால் அவள் தமிழில்தான் பதில் சொல்வாள். உனக்கு இங்கிலீஷ் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை, வேண்டும், வேலைக்கு வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள இதை விடச் சுலபமான இடமும் கிடையாது, காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. ஆனால் அது வரும் வரை வாயை மூடிக்கொண்டிருக்காதே. பேசாத ஆளைப் பற்றித்தான் மற்றவர்கள் தாங்களாக ஒரு கதை கட்டிக்கொள்வார்கள். பேசாத ஆளும் மற்றவர்களைப் பற்றி அதையேதான் செய்வாள். அவர்கள் சிரிப்பது உன்னைப் பற்றி என்று உனக்குத் தோன்றுவது அப்படிப்பட்ட கதை.

“ஃப்ரீ சீட்டு” என்றாளே, அதை மட்டும் விடாதே. கோபப்படவும் வேண்டாம். விஷயம் தெரியாமல் சொல்கிறாள், தெரியப்படுத்து. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பொறியியல் மாதிரி தொழிற்படிப்புகளுக்குள் ஏன் இவ்வளவு குறைவாக வருகிறார்கள் என்று ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி த.முருகேசன் தலைமையில் ஆணையம் அமைத்து, அதன் பிறகு 2021இல் சட்டசபையில் சட்டம் போட்டுக் கொடுத்த இடம் அது. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும் என்று அறிவித்ததும் அதே வருஷம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குள் மார்க்கில் போட்டி போட்டு, கலந்தாய்வில் ரேங்க் வாங்கி நீ எடுத்த சீட். அடுத்த தடவை யாராவது சொன்னால், “ஃப்ரீ இல்லப்பா, ரேங்க்ல வந்தது” என்று சொல்லிவிட்டு உன் வேலையைப் பார். முகத்தைத் தொங்கப்போடாதே. ஒரே கிளாஸில், ஒரே கேள்வித்தாளுக்குத்தான் நாலு பேரும் பதில் எழுதப் போகிறீர்கள்.

மெஸ் விஷயத்தைச் சீக்கிரம் முடிக்கிறேன். டெல்டாக்காரிக்குச் சென்னை மெஸ் சோறு இறங்காது, அது ஒரு வருஷம் இறங்காது. வீட்டிலிருந்து பருப்புப் பொடியும் நல்லெண்ணெயும் கொண்டுவா. பெரிய டப்பாவாகக் கொண்டுவா, ஏனென்றால் நீ மட்டும் சாப்பிடப் போவதில்லை. மெஸ் மேஜையில் பொடி டப்பாவைத் திறந்தவளுக்குத் தனியாக இன்ட்ரோ தேவையில்லை. காலை டிபனை மட்டும் எந்தக் காரணத்துக்கும் விடாதே. எட்டரை கிளாசுக்கு வெறும் வயிற்றோடு ஓடிவிட்டுப் பதினொரு மணிக்கு வரும் தலைவலியையும் அழுகையையும் பெண்கள் ‘ஹோம் சிக்’ என்று என்னிடம் கொண்டுவருவார்கள். இரண்டு இட்லியில் சரியாகும் ஹோம் சிக் பாதி. அப்புறம், உங்கள் விடுதியில் டிவைடிங் சிஸ்டமா என்று விசாரித்துக்கொள். மாதச் செலவு மொத்தத்தையும் எல்லோரும் சாப்பிட்ட நாட்களால் வகுத்து, ஆளுக்கு இத்தனை நாள் என்று கணக்குப் போடுவது. பல இடங்களில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டுத் தொடர்ந்து சில நாள் இல்லாமலிருந்தால்தான் ரிடக்‌ஷன். சனி ஞாயிறு அதில் சேராது. நீ ஊரில் அம்மா கையால் சாப்பிடும் ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்குழம்புக்கும் இங்கே உன் பெயரில் கணக்கு ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

சீனியர்களின் ‘இன்ட்ரோ’ பற்றி நீ ஒரே வரியில் எழுதியிருந்தாய். என்ன நடக்கிறது என்று எழுதவில்லை. பெயர், ஊர், எந்த டிபார்ட்மென்ட் என்று வராண்டாவில் நிறுத்திக் கேட்டால் பதில் சொல், நீயும் அவர்கள் பெயரைக் கேள். அந்த அக்காக்களில் ஒருத்தியிடமிருந்துதான் உனக்குப் பழைய கேள்வித்தாளும் லேப் கோட்டும் வரப் போகிறது. ஆனால் ராத்திரி ரூமுக்குக் கூப்பிட்டு நிற்க வைப்பது, பாடச் சொல்வது, ஆடச் சொல்வது, அவர்கள் ரெக்கார்டை எழுதச் சொல்வது, உடம்பைப் பற்றியோ சாதியைப் பற்றியோ கேட்பது எல்லாம் வேறு. அதற்கு இன்ட்ரோ என்று பெயர் இல்லை, ராகிங் என்று பெயர்.

1996 நவம்பரில் சிதம்பரத்தில் நாவரசு என்ற முதலாமாண்டு மருத்துவ மாணவரை அதே கல்லூரியின் சீனியர் மாணவன் கொன்றான். உன் அம்மாவுக்கு அந்தச் செய்தி ஞாபகம் இருக்கலாம். அதையொட்டி வந்ததுதான் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம், 1997. இரண்டு ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். அடித்தால்தான் ராகிங் என்று இல்லை. ஒரு மாணவிக்குப் பயமோ வெட்கமோ கூச்சமோ வரும்படி நடந்துகொண்டாலே, அவளாக விரும்பிச் செய்யாத ஒன்றைச் செய்யச் சொன்னாலே அந்தச் சட்டத்துக்குள் வரும். புகார் வந்தும் கல்லூரித் தலைமை சும்மா இருந்தால் அவர்களும் குற்றத்துக்கு உடந்தை என்றே அந்தச் சட்டம் சொல்கிறது. அட்மிஷன் சமயத்தில் நீயும் அப்பாவும் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி கொடுத்திருப்பீர்களே, அது யு.ஜி.சி.யின் 2009 விதிமுறைகளின்படி வாங்கியது. அதே விதிகளில், முதலாமாண்டு மாணவர்களைக் கூடியவரை தனி பிளாக்கில் தங்க வைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. 1800-180-5522 என்ற ராகிங் புகார் எண்ணைப் போனில் போட்டு வைத்துக்கொள், இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. உனக்கு நடப்பது இரண்டில் எது என்று உனக்கே சந்தேகமாக இருந்தால், அடுத்த நாள் காலை துணை வார்டனிடம் சொல். “பயமா இருந்துச்சு மேடம்” என்ற ஒரு வார்த்தை போதும், மீதியைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவர் வேலை.

இனி அம்மாவின் போன். இந்தப் பகுதியை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டு. வீட்டு ஞாபகம் பகலில் வேலையோடு வேலையாக அடங்கிக் கிடக்கும், ராத்திரி படுக்கும் நேரத்தில் தலை தூக்கும். அந்த நேரம் பார்த்து வீடியோ கால் வந்தால் என்ன ஆகும்? பின்னால் வீட்டுத் திண்ணை தெரியும், தம்பி குறுக்கே ஓடுவான், அம்மா “கறுத்துப் போயிட்டியே” என்பார். நீ அழுவாய், அதைப் பார்த்து அம்மா அழுவார், இரண்டு பேருக்கும் அன்றைய தூக்கம் போச்சு. அந்த போனைச் சாயங்காலம் ஆறு மணிக்கு மாற்று. ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும். அம்மா கேட்பது “சாப்பிட்டியா” என்றுதான் இருக்கும், அதற்கு “சாப்பிட்டேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு அழுகைக்குப் போய்விடாதே. அன்றைக்கு நடந்த ஏதாவது ஒன்றைச் சொல். ஒர்க்‌ஷாப்பில் அரத்தால் இரும்பைத் தேய்த்துக் கை கொப்பளித்ததைச் சொல். அம்மா, நீங்கள் “முடியலைன்னா வந்துடு” என்று சொல்வது பாசத்தில் என்று எனக்குத் தெரியும். தினமும் மூன்று தடவை அதைக் கேட்கும் பிள்ளைக்கு, ‘நம்மால் முடியாது என்று அம்மாவே நினைக்கிறார்’ என்றுதான் காதில் விழும். வாரத்தில் ஒருநாள் சொல்லுங்கள். கதவு திறந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிய அது போதும்.

அப்பா எதுவும் சொல்வதில்லை என்று எழுதியிருந்தாய். ஒரு நாள் நீயாக அவருக்கு போன் செய். என்னிடம் வந்த பெண்களில் பலர், அப்பாவின் மௌனத்துக்குத் தாங்களே அர்த்தம் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் வதைபட்டவர்கள். கேட்டுப் பார்த்தால் அவருக்கு என்ன பேசுவது என்று தெரியாமல் இருந்திருக்கும்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்கிறேன், இதில் நான் விளையாட மாட்டேன். இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு இறங்கவே இல்லை, லைட்டை அணைத்த பிறகும் தூக்கம் வரவில்லை, கிளாசுக்குப் போக எழுந்திருக்கவே முடியவில்லை, முன்பு பிடித்தது எதுவும் பிடிக்கவில்லை என்றால் அது ஹோம் சிக்கைத் தாண்டிய விஷயம். இருந்து என்ன பயன் என்ற மாதிரி ஒரு நினைப்பு ஒரு தடவை வந்தாலும் செமஸ்டர் முடியட்டும் என்று காத்திருக்காதே. நான் மேலே சொன்ன எதுவும் அப்போது பொருந்தாது. அன்றைக்கே அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு போன் செய், தமிழில் பேசலாம், இரவு எந்நேரமும் பேசலாம். கல்லூரியில் ஆலோசகர் இருந்தால் அவரைப் பார். ரூமில் இருக்கும் மூவரில் ஒருத்தியை எழுப்பு. லைட் விஷயத்தைச் சொல்லத் தயங்கினாயே, இதற்குத் தயங்காதே. ஊருக்குப் போக வேண்டும் என்று தோன்றினால் போ. ரயில் கணக்கெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மற்றபடி இந்த வாரம் உனக்கு இரண்டே வேலை. நாளைச் சாயங்காலம் லைட் விஷயத்தைச் சொல்வது ஒன்று. வெள்ளிக்கிழமை ஸ்டேஷனுக்குக் கிளம்பாமல் இருப்பது இன்னொன்று. மிச்சமாகும் டிக்கெட் காசில் ஒரு கிளிப் லேம்ப் வாங்கலாம், நீயே வாங்கி ரூமுக்குப் பொதுவில் வைத்தால் முதல் பேச்சுக்கு அதுவே சாக்கு. சனிக்கிழமை நன்றாகத் தூங்கு, துணி துவை, சாயங்காலம் யாராவது கிளம்பினால் கூடவே கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கோ பெசன்ட் நகர் கடற்கரைக்கோ போய்விட்டு, கேட் சாத்தும் நேரத்துக்குள் வந்துவிடு. யாரும் கிளம்பாவிட்டால் மொட்டை மாடிக்குப் போ. கன்னியாகுமரிக்காரி அங்கேதான் துணி காயப் போட்டுக்கொண்டிருப்பாள்.

என்ன நடந்தது என்று எழுது. லைட் அணைந்ததா என்று தெரியாமல் எனக்கும் ஒரு மாதிரி இருக்கிறது.

பி.கு.: வாளியில் பெயர் எழுதுவதாக இருந்தால் பெயின்ட் மார்க்கரில் எழுது. நெயில் பாலிஷ் ஒரு மாதத்தில் உரிந்துவிடும்.